ஊருக்கெல்லாம் ஒரே சிரிப்பு

கடம்பனேரியில் குழல்வாய்மொழியின் குரலில் முதன்முதலாகச் சிரித்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்று, யாரோ சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்குத் தன் கனத்த மீசைக்கடியில் வாயைத் திறந்தார். பித்தளைக் குடம் ஒன்று மாடிப்படியில் கடகடவென்று உருண்டு, கடைசிப் படியில் மோதி, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி அடங்குவது போன்ற ஒரு பெண்ணின் சிரிப்பு அவர் தொண்டையிலிருந்து வந்தது. திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்த தோரணையைக் கண்டு டீ மாஸ்டர் சிரித்தார், அதே குடம் உருண்டது; டீ மாஸ்டரைப் பார்த்துப் பூக்காரர் சிரித்தார், பூக்காரரைப் பார்த்து உள்ளூர்க் கண்டக்டர் சிரித்தார், பஸ் புறப்படுவதற்குள் நிலையம் முழுக்க ஒரே பெண் நூறு வாய்களால் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைத் தெரியாதவர்கள் அப்போது உலகத்திலேயே குறைவு.

குழல்வாய்மொழி மேலத்தெருவில் மாவு மில் நடத்தி வந்தாள். குற்றாலத்து அம்மனின் பெயரை அவளுக்கு வைத்தவர்கள் குழந்தையின் வாயிலிருந்து புல்லாங்குழல் வரும் என்று நம்பியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் அரவை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, அதன் இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பேசி, அதற்கும் மேலே எழும்பிச் சிரித்துச் சிரித்து, அவளுடைய சிரிப்பு இயந்திரத்தைவிடப் பெரியதாக வளர்ந்துவிட்டது. அரிசியும் மிளகாயும் மஞ்சளும் கொண்டுவரும் பெண்கள் அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே வரிசையில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள். அவள் கணவன் பலவேசம் கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டர். பல் என்பது மெல்லுவதற்கு என்று நினைக்கிற மனிதர்.

தை மாதத்தில் ஊரில் ஒரு பெரிய கல்யாணம். மணப்பெண்ணின் தாய்மாமனும் வணிகர் சங்கத் தலைவருமான ஆறுமுகநயினார் மேடையேறி, மணமக்களுக்கு நடுவே உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து வாழ்த்திப் பேச ஆரம்பித்தார். பேச்சின் வேகத்தில் பின்னால் அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்த தெர்மாகோல் அன்னத்தின் மேல் சாய்ந்தார். அன்னத்தின் கழுத்து முறிந்து தலை அவர் மடியில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த தலையைப் பேரப்பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே, தம்பதிகள் இணைபிரியாமல் இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பேசிக்கொண்டு போனார். மூன்றாவது வரிசையிலிருந்து குழல்வாய்மொழி சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கடைசியில் மூச்சு வாங்கி, "அய்யோ... அம்மா... என்னால முடியல சாமி" என்று சொல்லி முடித்தாள்.

கல்யாண வீடியோக்காரர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார். அது கடம்பனேரியைத் தாண்டிப் போயிற்று, தென்காசியைத் தாண்டிப் போயிற்று, கடலைத் தாண்டிப் போயிற்று. ஜப்பானில் மதில் மேலிருந்து வழுக்கி விழுந்த பூனைக்குப் பின்னால் குழல்வாய்மொழி சிரித்தாள். பிரேசிலில் பந்தைக் கோட்டைவிட்ட கோல்கீப்பருக்குப் பின்னால் சிரித்தாள். துருக்கியில் சலூனுக்குள் புகுந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திகைத்த ஆட்டுக்குப் பின்னால் சிரித்தாள். எங்கோ ஒரு மணப்பெண் அந்தச் சிரிப்பை ஒலிக்கவிட்டு அதன் தாளத்துக்கு ஆடியபடி மண்டபத்துக்குள் வந்தாள். இந்தச் சிரிப்பைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்ற குறிப்போடு அது ஊரைச் சுற்றிக்கொண்டு குழல்வாய்மொழியின் போனுக்கே வந்து சேர்ந்தபோது, அவளும் சிரித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பினாள்.

மாசி மாதத்து அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறுமுகநயினார் குழல்வாய்மொழியின் வீட்டுக்கு வந்தார். அவளிடம் பேசவில்லை, அவள் கணவனிடம் பேசினார்.

"பொம்பள சிரிப்பு வீட்டுக்குள்ள இருக்கணும் பலவேசம். இப்ப அது ஊர் ஊரா அலையுது. கூடவே என் மானமும் அலையுது."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போன பிறகு பலவேசம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏ குழலு, இனிமே சத்தம் போட்டுச் சிரிக்காத."

"சத்தமில்லாம எனக்குச் சிரிக்கத் தெரியாது," என்றாள் அவள். "அதனால சிரிக்கவே மாட்டேன். போதுமா?"

"போதும்," என்றார் அவர். விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தார். மறுநாள் காலையில்தான் போலீஸ் இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போனார்.

ஊருக்கு அது பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சிலருடைய தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி, அதைச் சொல்லும்போதே தானும் குழல்வாய்மொழியாகச் சிரித்தார். கோயில் அர்ச்சகர், கறிக்கடைக்காரர், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், பள்ளிவாசல் தெரு தையல்காரர், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. துபாயில் வேலை பார்க்கிற கடம்பனேரிக்காரர்கள் அங்கே தங்கள் அறையில் சிரித்தால் கூட இருக்கிறவர்கள் கட்டிலுக்கடியில் பெண் யாராவது ஒளிந்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்தார்கள். சினிமாக் கொட்டகையில் வேடிக்கைக் காட்சி வரும்போது இருட்டுக்குள் அறுநூறு பித்தளைக் குடங்கள் உருண்டன. அதைக் கேட்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் டிக்கெட் எடுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். இணையத்தில் வருவதில் எது மெய், எது பொய் என்று ஆராய்ந்து சொல்லும் ஒரு பக்கம், கடம்பனேரிப் பேருந்து நிலைய வீடியோவை ஆராய்ந்து, அது குரல் சேர்த்துச் செய்யப்பட்ட போலி என்று தீர்ப்புக் கொடுத்தது. கடம்பனேரிக்காரர்கள் அந்தத் தீர்ப்பை வாய்விட்டுப் படித்தார்கள். படித்துவிட்டு, எந்தக் குரலில் சிரிக்க முடியுமோ அந்தக் குரலில் சிரித்தார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு குணம் இருந்தது. அதைச் சின்னதாகச் சிரிக்க முடியாது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாலும், உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தாலும், அது நான்கு வீடு கேட்கும். கடம்பனேரியின் மருமகள்கள் அதுவரை முந்தானைக்குள் சிரித்து வந்தவர்கள். எண்ணெய்க்கடைச் சண்முகவடிவின் மருமகள் முப்பிடாதி சிரிப்பை விழுங்கி விழுங்கி, அவளுக்குச் சிரிப்பு வந்தால் விக்கல்தான் வெளியே தெரியும். வாயும் வயிறுமாக இருந்த அவள் ஒருநாள் சமையலறையில் தனியாக நின்று, அப்பளம் ஒன்று எண்ணெயில் மாமியாரின் மூக்கு வடிவத்தில் பொரிந்ததைப் பார்த்து, தடுக்க நேரமில்லாமல் சிரித்துவிட்டாள். வீடு அதிர்ந்தது. சண்முகவடிவு ஓடி வந்தாள். வந்து என்ன செய்வது? பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், எதிர் வீட்டில் ஒரு கிழவர், மாடியில் குடியிருக்கும் வாத்தியார், எல்லோருக்கும் அதே சிரிப்பு. முப்பிடாதி அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குழல் சிரிக்கா போல," என்று சொல்லிவிட்டுச் சண்முகவடிவு திரும்பிப் போனாள்.

அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. குளத்துப் படித்துறையில், பீடி சுற்றும் வீடுகளில், கல்யாணப் பந்தியில், கணவர்கள் நியாயம் பேசிக்கொண்டிருக்கும் நடுக்கூடத்துக்குப் பின்னால், எங்கே சிரிப்புக் கிளம்பினாலும், குழல் சிரிக்கா, குழல் சிரிக்கா என்று ஊர் சொல்லிற்று. யார் சிரித்தது என்று கண்டுபிடிக்க முடியாத ஊரில் யாரையும் கண்டிக்க முடியவில்லை. மாமனாரின் பேச்சுக்கு நடுவில் சிரித்தார்கள், வரதட்சணைப் பேச்சுக்கு நடுவில் சிரித்தார்கள், ஆறுமுகநயினார் தேரடியில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியபோது தெருவின் இரண்டு பக்கத்து ஜன்னல்களும் சிரித்தன.

சித்திரை மாதம் அவர் மில்லுக்கு வந்தார். இன்ஸ்பெக்டரும் தலைமையாசிரியரும் அர்ச்சகரும் கூட வந்தார்கள். மதுரையில் நயினார் மொத்த வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசும்போது மரியாதைக்குச் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்கப்போய், அவர்கள் அதைப் படம்பிடித்து, அவர் சிரிப்பும் பூனைகளோடும் ஆடுகளோடும் சுற்ற ஆரம்பித்திருந்தது. குழல்வாய்மொழி அப்போது மிளகாய் வத்தல் அரைத்துக்கொண்டிருந்தாள். நால்வரும் தும்மினார்கள்.

"தங்கச்சி, நீ ஒரு தடவ சிரிச்சா எங்க சிரிப்பு எங்களுக்குத் திரும்பி வந்திரும்னு ஊர்ல பேசிக்கிடுதாவ. சிரிச்சிரு," என்றார் நயினார்.

"எதப் பாத்துச் சிரிக்க அண்ணாச்சி?"

"எதையாவது பாத்து."

"சிரிப்பு வீட்டுக்குள்ள இருக்கணும்னு நீங்கதான சொன்னீய."

"சொன்னேன்." தும்மினார். "சொன்னேன், இல்லங்கல."

"இப்ப வீட்டுக்குள்ளதான் இருக்கு. எல்லார் வீட்டுக்குள்ளயும் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படி மிளகாயைக் கொட்டினாள்.

அவர்கள் விடவில்லை. மதுரையிலிருந்து ஒரு பலகுரல் கோஷ்டியை வரவழைத்து மில்லுக்கு எதிரே மேடை போட்டார்கள். அந்தக் கோஷ்டி தவளையாகவும் ரயிலாகவும் கோபக்கார மாமியாராகவும் கத்தியது. மேலத்தெரு முழுக்கக் குழல்வாய்மொழியின் குரலில் விழுந்து விழுந்து சிரித்தது. குழல்வாய்மொழி மட்டும் மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பெண்கள் வந்தார்கள். முன்வாசலில் ஆட்கள் பார்ப்பார்கள் என்று பின்வாசல் வழியாக, கையில் சும்மா ஒரு தூக்குவாளியோடு வந்தார்கள். முப்பிடாதிதான் பேசினாள்.

"யக்கா, சிரிச்சிராதீய."

"ஏன்ட்டி?"

"நீங்க சிரிச்சா எங்க சிரிப்பு எங்களுக்கு வந்திரும். அப்புறம் யார் சிரிச்சதுன்னு தெரிஞ்சிரும். கல்யாணமாகி வந்து நாலு வருஷத்துல இப்பத்தான் யக்கா எனக்கு விக்கல் நின்னிருக்கு."

குழல்வாய்மொழி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். எல்லாம் அவள் மாவு அரைத்துக் கொடுத்த வீடுகள். "சரி, சிரிக்கல," என்று வாக்குக் கொடுத்தாள். கோபத்தில் நிறுத்தியதை வாக்குக்காகத் தொடர்வது எளிது என்று அப்போது நினைத்தாள். அப்படி இல்லை. சிரிப்பு விலாவுக்கடியில் தேங்கிற்று. தானியம் போடாமல் ஓடுகிற இயந்திரம் மாதிரி உள்ளுக்குள் சூடேறிற்று. பூனை ரவை டின்னுக்குள் விழுந்து வெள்ளையாக எழுந்து தும்மிய அன்று அவள் தூணைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றாள். சாப்பாடு குறைந்தது. ஊரே தன் குரலில் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பவளைப் போல அவள் இருந்தாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், மில்லுக்குப் பின்னால் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் பலவேசம் உட்கார்ந்திருந்தார். காதில் போன். "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட பேசுதீய?"

அவர் திடுக்கிட்டார். போனை மறைக்கப் பார்த்து, பிறகு நீட்டினார். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் அன்னத்தைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"ஊரே இந்தக் குரல்லதான சிரிக்கு," என்றாள். "இதுக்குப் போன் வேணுமா?"

"ஊர் சிரிக்கு," என்றார் அவர். "கடைசில நீ என்னால முடியல சாமின்னு சொல்லுவேல்ல, அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ." கொஞ்ச நேரம் மூட்டையின் சணலைப் பிய்த்தார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது குழலு. அவர் சொன்னார்னு சொல்லிட்டேன். நீ சிரி."

அவள் அவர் பக்கத்தில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "இப்ப முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்," என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து, அவளைச் சிரிக்க வைத்துவிடக் கூடிய எதுவும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்; பூனையைக்கூடத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஆவணியில் முப்பிடாதி கைக்குழந்தையோடு மில்லுக்கு வந்தாள். வைகாசியில் பிறந்த பெண்குழந்தை. வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

"யக்கா, பிள்ள நேத்து சிரிச்சிட்டா."

"ஏட்டி, நல்ல சேதில்லா."

"உங்க குரல்ல."

அப்போது குழந்தை கூரையில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்தது. அதன் பல்லில்லாத வாய் திறந்தது. ஒரு நடுவயதுப் பெண்ணின் முழுச் சிரிப்பு, படிகளில் உருண்டு, மோதி, சுற்றி, அந்தச் சின்ன வாயிலிருந்து வந்து முடிந்தது. குழந்தை களைத்துப்போய்த் தாயின் தோளில் சாய்ந்தது.

குழல்வாய்மொழி இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அழுதா இவ குரல் எனக்குத் தெரியும் யக்கா," என்றாள் முப்பிடாதி. "தூக்கத்துல கேட்டாலும் தெரியும். சிரிச்சா இவ யாருன்னு எனக்குத் தெரியல." அவள் அழுதுவிடாமல் இருக்கப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள். "நான்தான் சிரிக்காதீயன்னு சொன்னேன். நானே சொல்லுதேன். சிரிச்சிருங்க."

"சிரிச்சா நீங்கல்லாம் மறுபடி முந்தானைக்குள்ள போயிருவீயளே."

பள்ளிவாசல் தெரு தையல்காரரின் மனைவி மெஹராஜ், "எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா பிள்ளைக்கு அது பிள்ளையோடதுதான் வேணும்."

"போக மாட்டோம் யக்கா," என்றாள் முப்பிடாதி. "போனாலும் அது எங்க பாடு. நீங்க எங்களுக்காக வயிறு காஞ்சது போதும்."

அன்று பூராவும் குழல்வாய்மொழி சிரித்துப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஆறு மாதம் பூட்டி வைத்திருந்தது, திறக்கச் சொன்ன உடனே திறக்கவில்லை. மறுநாள் காலையில் பலவேசம் வேலைக்குக் கிளம்புவதை நிறுத்திவிட்டு, மாவு சலித்துக்கொண்டிருந்த அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, போனைத் தூரமாகப் பிடித்தார்.

"ஆபீஸ் குரூப்புல ஒரு ஜோக்கு வந்திருக்கு. வாசிக்கேன், சிரி."

மின்தடை அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"பலமுறை அனுப்பப்பட்டது. சிரிக்கிற மூஞ்சி. சிரிக்கிற மூஞ்சி. சிரிச்சுக் கண்ணீர் விடுற மூஞ்சி. டாக்டர், எனக்கு ஞாபக மறதி. எப்போதிருந்து? எது எப்போதிருந்து? சிரிக்கிற மூஞ்சி. ஒரு குரங்கு, கண்ணப் பொத்தியிருக்கு. ஒரு கத்தரிக்கா." நிமிர்ந்து பார்த்தார். "கத்தரிக்கா எதுக்குன்னு தெரியல." திரும்பக் குனிந்தார். "இதைப் பதினைந்து குழுக்களுக்கு அனுப்பாதவர் வீட்டில் மூன்று நாளைக்குள் சாம்பார் தீய்ந்துபோகும்."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது.

"ஏ குழலு, இது முந்தாநாளே வந்தது. நான் ஒருத்தருக்கும் அனுப்பல. நேத்து நம்ம வீட்ல சாம்பார் தீஞ்சுதுல்லா?"

தீய்ந்திருந்தது. சட்டி இன்னும் கழுவாமல் முற்றத்தில் கிடந்தது. குழல்வாய்மொழி சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். விலாவுக்கடியில் ஏதோ ஒன்று நழுவிற்று. குடம் உருண்டது. ஆறு மாதத்துச் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்களைப் பாத்திரம் மொத்தமும் படியில் சரிந்து வருவது போல வந்தது, தட்டிலிருந்த மாவு எழும்பிப் பறந்தது, அவள் நாற்காலியைப் பிடித்து, அவரைப் பிடித்து, இரண்டும் கைநழுவித் தரையில் உட்கார்ந்து, "அய்யோ... அம்மா... என்னால முடியல சாமி," என்றாள். பலவேசம் மெல்லுவதற்கான பற்களைத் தெரியக் காட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அந்தக் கணத்தில் கடம்பனேரியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாதியில் நின்றார்கள். பிறகு மிச்சத்தை அவரவர் குரலில் சிரித்து முடித்தார்கள். இன்ஸ்பெக்டரின் சொந்தச் சிரிப்பு அணில் கத்துவது போல இருந்தது. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. ஆறுமுகநயினார் தன் வியாபாரச் சிரிப்பை இரண்டு முறை சிரித்துச் சரிபார்த்துவிட்டு மதுரைக்கு டிக்கெட் எடுத்தார். எண்ணெய்க்கடை வீட்டில் குழந்தை, வாய்க்கால் தண்ணீரில் குமிழி உடைவது போல, இரண்டு சின்ன சத்தம் போட்டுச் சிரித்தது. முப்பிடாதி அதன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

ஆனால் சமையலறைகள் அமைதியாகிவிட்டன. அன்று மாலை மேலத்தெருவில் ஒரு பெண் சிரித்ததும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. படித்துறையில் துணி துவைக்கிற சத்தம் மட்டும் வந்தது. மில்லுக்கு வந்த பெண்கள் சிரிப்பு வந்த இடத்தில் கையை வாயருகே கொண்டுபோனார்கள். குழல்வாய்மொழி மட்டும் சிரித்தாள், வழக்கத்தைவிடச் சத்தமாகவே சிரித்தாள், சிரித்து முடித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இயந்திரத்தின் இரைச்சல்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் பச்சரிசி ஓடிக்கொண்டிருந்தபோது இயந்திரத்துக்கு மேலே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அவள் சுவிட்சை அணைத்தாள். பட்டை சுழன்று நின்றது. இரண்டாவது தெருப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் ஊரில் யாரும் கேட்டிராத சிரிப்பு. அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கால் இழுத்து, கழுதை மாதிரி ஒரு தடவை ஏறி, எங்கே இறங்குவதென்று தெரியாமல் மறுபடி ஏறி, அதையே நினைத்துத் தானே சிரித்து, நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சண்முகவடிவின் அதட்டல் ஒன்று கேட்டது. சிரிப்பு ஒரு கணம் தயங்கிற்று. "நான்தான் அத்தை," என்று தெருவெல்லாம் கேட்கும்படி முப்பிடாதி சொன்னாள். பிறகு இன்னும் உரக்கச் சிரித்தாள்.

வரிசையில் நின்ற மெஹராஜின் உதடு துடித்தது. கை வாயை நோக்கிப் பாதி தூரம் போய், அங்கேயே நின்று, இறங்கிற்று.

பின்னால் நின்ற ஒருத்தி, "யக்கா, நேரமாகுது, மில்லப் போடுங்க," என்றாள்.

"ஏட்டி, இரு," என்றாள் குழல்வாய்மொழி, சுவிட்சின் மேல் கையை வைத்தபடி. "அவ சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் அரைப்போம்."